மதினி வைத்த பொட்டு

போன ஆவணி மாதம், சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு நடு அறையில் நடந்தது இது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கலாம், நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அந்த நாலைந்து நாள் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

நான் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் பக்கத்து போட்டோகிராபர்கள் படங்களை அனுப்புவார்கள். நான் பக்கம் பக்கமாக அடுக்கி, நிறம் திருத்தி, திருப்பி அனுப்புவேன். பழைய லேப்டாப் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால், திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் நான் உலை வைத்து அரிசி போட்டுவிட்டு வந்துவிடலாம். சரி, சாமான்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு நல்ல கம்ப்யூட்டரை நாமே பூட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். கடையில் பூட்டிக் கொடுப்பார்கள்தான். அவர்களிடம் எது மிஞ்சிக் கிடக்கிறதோ அதைத்தான் பூட்டிக் கொடுப்பார்கள் என்பது என் சந்தேகம். எனக்குப் பொதுவாகவே சந்தேகம் ஜாஸ்தி.

பாதிச் சாமான் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் வாங்கினேன், மீதி கூரியரில் வந்தது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, மதிய வேளைகளில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பூட்டினேன். அப்பா வயலிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, டிராக்டரில்கூட இத்தனை ஒயர் கிடையாதே என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு திருகாணி மிச்சம் வராமல் பூட்டி முடித்தேன்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, நான், மதினி. மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் சில வருஷங்களுக்கு முன் பைக் விபத்தில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. பிறந்த வீட்டுக்குப் போக மதினி விரும்பவில்லை, நாங்களும் அனுப்ப விரும்பவில்லை. அம்மாவுக்கும் மதினிக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. மதினி இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து டி.வி. சீரியல்காரிகளைத் திட்டுவார்கள்.

ஆனால் வீட்டில் ஏதாவது நல்ல காரியம் என்றால், மதினி எங்கே என்று தேடினால் அடுக்களையில் இருப்பாள். போ என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே நடக்கிற ஏற்பாடு அது. என் தொழிலில் இது எனக்குப் பழகிய விஷயம். ஆல்பம் தயாரானதும் மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டாரோ, இந்தப் படம் முதல் பக்கத்தில் வேண்டாம், பின்னால் தள்ளிவிடுங்கள் என்பார்கள். எடுத்துப் பார்த்தால் படம் நன்றாகத்தான் இருக்கும். மணப்பெண் பக்கத்தில் வெறும் நெற்றியோடு ஒரு சித்தியோ பெரியம்மாவோ வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருப்பாள். நானும் பின்னால் தள்ளிவிடுவேன். சொன்னதைச் செய்வதுதானே வேலை.

அதனாலோ என்னவோ, புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் போட வேண்டும் என்று அம்மா சொன்னபோது, மதினி வைக்கட்டும் என்றேன். அம்மா முகம் சட்டென்று மாறியது. அப்பா, வைக்கட்டுமே, யார் வைத்தால் என்ன என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பெரிய விஷயங்களில் எல்லாம் அவர் அப்படித்தான்.

மதினி அடுக்களை வாசலில் நின்று, "எதுக்குப் பிள்ள? அத்தையே வைக்கட்டும்," என்றாள். நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அதை மதினிக்காகச் செய்தேனா, அம்மாவிடம் ஜெயிக்க வேண்டும் என்று செய்தேனா என்று கேட்டால், இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தன்னை வைக்க விடு என்று மதினி கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

எல்லாவற்றையும் உள்ளே பூட்டியிருந்த கேபினெட்டுக்கு ஒரு பக்கம் கண்ணாடி. அதை மேசையில் வைத்து, ஒயரைச் செருகி, பின்பக்கச் சுவிட்சை நானே போட்டுவைத்திருந்தேன். உள்ளே மதர்போர்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது, முன்னால் இருக்கும் பொத்தானை அமுக்கினால் ஓடும் என்று அர்த்தம். அம்மாவும் அதைப் பார்த்தாள். அழகாக எரிகிறதே என்றாள்.

மதினி சந்தனத்தைக் குழைத்து முன்பக்கம் ஒரு பொட்டு வைத்தாள், மேலே ஒன்று வைத்தாள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மீட்டர் பெட்டிக்கும் சுவிட்ச் போர்டுக்கும் பொட்டு வைப்பது அம்மாவின் பழக்கம். கரண்ட் ஏறுகிற இடத்தை விட்டுவிடக் கூடாது என்பாள். மதினி அதை மறக்காமல் கேபினெட்டுக்குப் பின்னால் கையை விட்டு, ஒயர் செருகியிருக்கும் இடத்திலும் தாராளமாக ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். நான் சூடத்தைத் தேடி ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள், உள்ளே எரிந்த ஆரஞ்சு விளக்கு அணைந்திருந்தது.

முன் பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினேன். காற்றாடி சுற்றவில்லை, சத்தம் இல்லை, எதுவுமே இல்லை. சூடம் மட்டும் எரிந்து முடிந்தது. திரும்பிப் பார்த்தால் மதினி அங்கே இல்லை. பின்கட்டில் சுளகு இழுக்கிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் பூக்கட்டும்போது, அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அத்தைய வரச் சொல்லிருக்கேன். தலை குளிச்சிட்டு வந்து ஒரு பொட்டு வச்சிட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் நீ போட்டுப் பாரு."

கம்ப்யூட்டருக்கும் பொட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் கத்தினேன். அம்மா கத்தவில்லை. அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பொட்டு வைப்பதற்கு முன்னால் விளக்கு எரிந்தது, வைத்த பிறகு எரியவில்லை, அதை நீயும் பார்த்தாய். ஆமாம், நானும் பார்த்தேன்.

எதிர்வீட்டு அத்தை வந்து பொட்டு வைத்து, அதற்குப் பிறகு தற்செயலாக இது ஓடிவிட்டால், அதோடு கதை முடிந்தது. மதினியின் கை ராசியில்லாத கை என்பது எங்கள் வீட்டில் சாட்சியோடு நிரூபணம் ஆகிவிடும். அதற்குப் பிறகு நான் எத்தனை கத்தினாலும் எடுபடாது. மதினியே அதை நம்பிவிடுவாள். பாதி நம்பிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்றைக்கு இரவு சோறு போடும்போது, அம்மா சொல்வதைக் கேட்டு நடந்துகொள் என்று எனக்கே புத்தி சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. இந்த வம்பில் அவளை இழுத்துவிட்டவள் நான். எனவே வெள்ளிக்கிழமைக்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு, எதையும் வெளியிலிருந்து உள்ளே போய்ப் பார்ப்பேன். முதலில் சுவர் பிளக். அதில் மிக்ஸியைச் செருகிப் பார்த்தேன், ஓடியது. அடுத்தது ஒயர். அதே மாதிரி ஒயர் பிரிண்டரில் இருந்தது, மாற்றிச் செருகினேன், பலன் இல்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றி, மதர்போர்டுக்குப் போகிற அகலமான பெரிய பிளக்கைப் பிடுங்கி, கடக் என்று பூட்டு விழும்வரை மறுபடி அமுக்கினேன். பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கிற சின்ன பிளக்கையும் அதே மாதிரி பிடுங்கிச் செருகினேன். முன் பொத்தானிலிருந்து வருகிற ஊசி மாதிரி இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பார்த்தேன். ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி மாட்டினேன். ஒன்றுக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

சாமான் வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். எடுத்த தம்பி பொறுமைசாலி. பின்பக்கச் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா அக்கா என்றுதான் முதலில் கேட்டான். இருக்கிறது, நான்தான் போட்டேன், உள்ளே விளக்குகூட எரிந்தது என்று சொன்னேன். நான் சொன்ன சொல்லில் அத்தனை உறுதி இருந்ததால் அவன் அதற்குமேல் அதைக் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகு ஒரு தடவை செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்க்கவும் செய்தேன். வீட்டுக் கரண்டை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அதன் முதுகில், ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் சின்னக் கறுப்புச் சுவிட்ச் இருக்கிறது. ஆனுக்கு ஒரு கோடு, ஆஃபுக்கு ஒரு வட்டம். இரண்டுமே தெரியவில்லை. மதினியின் சந்தனம் சுவிட்சையும் சேர்த்து அப்பி, காய்ந்து, வெடித்துப்போயிருந்தது. நடுவில் குங்குமம்.

சுரண்டிவிட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு நொடி வேலை. என்னால் முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பழக்கம் ஒருபக்கம். அது தானாக உதிர வேண்டும் என்பார்கள். ஆனால் அது மட்டும் இல்லை. அண்ணன் போன பதினாறாம் நாள் சடங்கில் மதினி நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்து, பிறகு அதைத் துடைத்தார்கள். துடைத்த கைகள் எல்லாம் உறவுக்காரப் பெண்களின் கைகள். நான் அதே அறையில் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு மதினி நெற்றியில் திருநீறு மட்டும்தான். அவள் கையால் வைத்த ஒரு பொட்டை என் விரலால் அழிக்க எனக்குக் கூசியது. நான்தான் ஆன் செய்தேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பார்க்கத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்துவிட்டேன்.

கடைத் தம்பி அடுத்த நாள் ஒரு சோதனை சொன்னான். பெரிய பிளக்கைப் பிடுங்கி, அதில் பச்சை ஒயர் வருகிற துளையையும் கறுப்பு ஒயர் வருகிற துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால், எஸ்.எம்.பி.எஸ். தனியாக ஓட வேண்டும். அதன் காற்றாடி சுற்றினால் அது நன்றாக இருக்கிறது, பழுது வேறு இடத்தில். சுற்றாவிட்டால் அதுவே போய்விட்டது. இணைத்தேன். சுற்றவில்லை.

"அப்போ அதுதான்க்கா போச்சு. கழட்டிக் கொண்டாங்க, மாத்தித் தாரேன்," என்றான்.

பழுது எதில் என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி. கம்பெனியிலிருந்து வரும்போதே கெட்டுப்போன சாமான், யார் கையும் காரணம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் அம்மா என்ன கேட்பாள் என்பதும் எனக்குத் தெரியும். கெட்டுப்போன சாமான் எப்படி ஏட்டி விளக்கு எரியவிட்டது, ஏன் அந்த நேரம் பார்த்துப் போனது என்பாள். கெட்ட நேரம் என்பதும் அவளைப் பொறுத்தவரை ஒரு கைக்குச் சொந்தமானதுதான்.

வியாழக்கிழமை காலை, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் ஒயரைப் பிடுங்கிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றத் திருப்புளியோடு உட்கார்ந்தேன். கேபினெட் கனமாக இருந்தது, திருப்பினால் ஆடியது. பிடித்துக்கொள்ள மதினியைக் கூப்பிட்டேன். அன்றைக்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் வந்ததே அப்போதுதான். வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆணிகளில் ஒன்று பொட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. திருப்புளி சந்தனத்தில் படாமல் சாய்த்துச் சாய்த்துத் திருகினேன். அது வழுக்கி வழுக்கிப் போனது. மதினி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இதத் தொடச்சிட்டுச் செய்யேன். எதுக்கு இந்தப் பாடு படுத?"

இருக்கட்டும் மதினி என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சந்தனந்தான பிள்ள," என்றாள் மதினி. முந்தானை நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, அழுத்தித் துடைத்தாள். கறுப்புச் சுவிட்ச் பளிச்சென்று தெரிந்தது. வட்டம் போட்ட பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது.

நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தேன். வட்டம் என்றால் ஆஃப். மூளை அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மதினியின் விரல் பீடி சுற்றிச் சுற்றி உரமேறிய விரல், எதைத் தொட்டாலும் ஒரு அழுத்தம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விட்டுப் பொட்டு வைக்கும்போது அந்த விரல் சுவிட்சை அமுக்கி அமர்த்திவிட்டது, அதாவது அணைத்துவிட்டது. அமர்த்தினாலும் பெட்டிக்குள் தங்கியிருக்கிற கொஞ்சம் கரண்டில் அந்த ஆரஞ்சு விளக்கு சில நொடிகள் எரிந்துவிட்டுத்தான் அணையும். அதனால்தான் அவள் கையை எடுத்துத் தள்ளி நின்ற பிறகு அணைந்தது. அதனால்தான் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

திருகிய ஆணியை மறுபடி முடுக்கி, பிளக்குகளைச் செருகி, ஒயரை மாட்டி, சுவிட்சை நீங்களே போடுங்கள் மதினி என்றேன். போட்டாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. முன் பொத்தானை அமுக்கினேன். எல்லாக் காற்றாடிகளும் ஒன்றாகச் சுற்றின. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

ஆனால் எனக்குச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே கவலை வந்துவிட்டது. காரணத்தைத் தேடியது மதினியின் கையைக் காப்பாற்ற. கிடைத்த காரணமோ மதினியின் கை. இதைப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு ஒயர் லூசாக இருந்தது, சரி செய்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம் மதினி என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பொய் சொன்னா, அத்தை மனசுல இருக்கது அப்படியேதான இருக்கும். நானே சொல்லுதேன்."

அம்மா வந்து பையை இறக்கி வைத்ததும், மதினி நேராகவே சொன்னாள். "அத்தை, அன்னைக்கு அது என் கையாலதான் அமந்துச்சு."

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவள் பயந்தது எதுவோ அதை மருமகளே வந்து ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பாள். மதினி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கேபினெட்டைத் திருப்பி, சுவிட்சைக் காட்டி, பொட்டு வைக்கும்போது தன் விரல் எப்படி அமுக்கியது என்று செய்து காட்டினாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அது பட்டென்று நின்றது, நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவளே ஒரு தடவை சுவிட்சைப் போட்டாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அவளே வட்டத்தின் பக்கம் அமுக்கினாள். விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் எரிந்து, அது அணைந்தது. இன்னொரு தடவை போட்டு, இன்னொரு தடவை அமுக்கினாள். மறுபடி காத்திருந்து பார்த்தாள். அது மறுபடி அணைந்தது.

"ஏட்டி, இது யார் அமுக்குனாலும் அமந்துருமா?"

"யார் அமுக்குனாலும் அமந்துரும்மா."

அம்மா நிமிர்ந்தாள். "நான் அமுக்குனாலும்தான் அமருது," என்றாள், தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல. பிறகு மதினியைப் பார்த்து, முந்தானை ஏன் இப்படி நனைந்திருக்கிறது, போய் வேறு சேலை மாற்று என்றாள். எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்கிற வழக்கம் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் எதிர்வீட்டு அத்தை தலை குளித்து, பூ வைத்து, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாள். அவளை வர வேண்டாம் என்று சொல்ல அம்மா மறந்துவிட்டாளா, சொல்லக் கூச்சப்பட்டாளா தெரியாது. உட்காரவைத்து, மதினியை விட்டே காபி கொண்டுவரச் சொன்னாள். பொட்டெல்லாம் எங்க மருமவ வச்சாச்சு, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு என்றாள். எதிர்வீட்டு அத்தை காபியைக் குடித்துவிட்டு, மதினியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

இதோடு அம்மா மாறிவிட்டாள் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான், ஆனால் அது நிஜம் இல்லை. வெளியே ஒரு விசேஷம் என்றால் மதினி இன்றும் பின் வரிசையில்தான் உட்காருகிறாள், அம்மாவும் முன்னால் வா என்று கூப்பிடுவதில்லை. எங்கள் வீட்டுக்குள் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். ஆயுத பூஜை வந்தபோது அம்மா சந்தனக் கிண்ணத்தை மதினி கையில் கொடுத்து, பின்பக்கம் மட்டும் பார்த்து வை என்றாள். அதற்கு மூன்று பேருமே சிரித்தோம். ஆல்பத்தில் ஒரு படத்தைப் பின்னால் தள்ளச் சொன்னால், நானும் இப்போதெல்லாம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வராது. சில சமயம் படம் முன்னாலேயே இருந்துவிடும்.

சுவர் பிளக்கிலிருந்து உள்ளே உள்ள கடைசி ஊசிவரை சோதித்த நான், மதினிக்கு வலிக்குமே என்று நானாக நினைத்துக்கொண்டு அந்த ஒரே இடத்தைத் தொடாமல் விட்டேன். அவளோ வந்த கையோடு துடைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு வலிக்கும் என்று நான் தள்ளிவைத்ததில் பாதி என் பயமாகத்தான் இருந்திருக்கிறது என்பதை, அவளிடம் எதையாவது கேட்கத் தயங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொண்டு கேட்டுவிடுகிறேன்.